பாதி மாத்திரை

பள்ளிக்கூடம் அந்த வருஷம் யூனிஃபார்ம் நிறத்தை மாற்றியிருக்காவிட்டால் இன்னும் கொஞ்ச காலம் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

நீலம் போய்ச் சாம்பல் நிறம் வந்தது. பழையது எவ்வளவு நன்றாக இருந்தாலும் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டார்கள். அம்மா தையல் கடை வைத்திருந்தாள். அந்தப் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு அவள் கடையில்தான் துணி தைப்பார்கள். எல்லாருக்கும் அளவெடுத்து, வெட்டி, தைத்து, காஜா எடுத்து அனுப்பிவிட்டு, பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது தன் பெண்கள் இரண்டு பேரையும் கடைக்கு வரச் சொன்னாள்.

முதலில் சின்னவளுக்கு அளவெடுத்தாள். வயது பத்து. தோளிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை முப்பத்து நாலரை இஞ்ச். டேப் அக்குளில் பட்டதும் நெளிந்து சிரித்தாள். நேராக நில் என்று இரண்டு தடவை அதட்ட வேண்டியிருந்தது. அடுத்தது பெரியவள். வயது பன்னிரண்டு. அதட்ட வேண்டிய தேவையே இல்லை, கடை வாசலில் துணி மாட்டி நிறுத்தியிருக்கும் பொம்மை மாதிரி நின்றாள். முப்பத்தொன்று.

அம்மா அந்த எண்ணை எழுதப் போய் நிறுத்தினாள். நாள்பட்ட டேப் இழுபட்டு நீண்டுவிடும், அப்போது அளவு குறைவாகக் காட்டும். தொழிலில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும். டேப்பை வெட்டும் மேஜையில் இருந்த இரும்பு ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. மறுபடி எடுத்தாள். முப்பத்தொன்றுதான். அலமாரியிலிருந்து பழைய அளவு நோட்டை இறக்கி, பெரியவளுக்குக் கடைசியாகத் தைத்த பக்கத்தைத் தேடினாள். மூன்று வருஷத்துக்கு முன்னால். முப்பத்தொன்று.

சின்னவளின் போன வருஷத்து நீல யூனிஃபார்ம் துடைக்கிற துணியாக்குவதற்காகக் கூடையில் கிடந்தது. அதை எடுத்துப் பெரியவளைப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். தோள் சரியாக இருந்தது. வயிற்றுப் பக்கம் மட்டும் கொஞ்சம் பிடித்தது. கழற்றிவிடு என்று சொல்லிவிட்டு, அம்மா சாம்பல் துணியை விரித்தாள்.

மூன்று வருஷமாகப் பெரியவளுக்குப் புது யூனிஃபார்ம் தேவைப்படவில்லை. அதை யாரும் அப்படி நினைக்கவில்லை. துணியை எவ்வளவு பத்திரமாக வைத்துக்கொள்கிறாள் என்றுதான் சொன்னார்கள். அவளைப் பற்றி எல்லாமே அப்படித்தான் சொல்லப்பட்டது. ஓட மாட்டாள், விழ மாட்டாள், கிழிக்க மாட்டாள். உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பாள். இரண்டாவது ரேங்க்குக்குக் கீழே போனதில்லை. மெதுவாக எழுதுவாள், அடித்தல் திருத்தல் இருக்காது. வகுப்பில் அவளுக்குச் சிலை என்று பேர் வைத்திருந்தார்கள். ஆசிரியைக்கும் அந்தப் பேர் பிடித்திருந்தது, மற்ற பிள்ளைகளைத் திட்டும்போது பயன்பட்டது.

வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டாள். ஃபேனைப் போடுவதா நிறுத்துவதா என்று சின்னவள் சண்டைக்கு வருவாள், பெரியவள் போர்வையை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவாள். கழிவறைக்குள் போனால் அடுத்த வாரம்தான் வருவாள் என்று வீட்டில் கேலி பேசுவார்கள். குரல் கொஞ்சம் கரகரத்திருந்தது. சாயங்காலம் புத்தகத்தின் மேலேயே தலை சாய்ந்துவிடும். முகம் உப்பலாக இருந்ததால், வீட்டுக்கு வருகிறவர்கள் கன்னத்தைக் கிள்ளி, பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லாரையும் விட அப்பாவுக்கு அவள் மேல் பிரியம் அதிகம். அவர் லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடி, பதினைந்து மாடிக் கட்டிடங்களில் லிஃப்ட் பாதியில் நின்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் வெளியே வந்ததும் முதலில் திட்டுவது அவரைத்தான். நாளெல்லாம் சத்தம் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், பெரியவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவாள். எந்தக் கட்டிடத்தில் எந்தக் கேபிள் தேய்ந்தது, யார் என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்வதையெல்லாம் கேட்பாள். அந்த வீட்டில் அவர் பேச்சைக் கடைசி வரை கேட்கிற ஒரே ஆள் அவள்தான்.

அளவு விஷயத்தை அம்மா சொன்னபோது அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் எல்லாருமே குள்ளம் என்றார். போனில் அத்தையும் அதையே சொன்னாள், வயசுக்கு வந்தால் ஒரேயடியாக வளர்ந்துவிடுவாள் என்றாள். தெருமுனை டாக்டர் சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். பாட்டில் காலியாகும் வரை அம்மா பொறுத்தாள். பிறகு மறுபடி அவரிடமே போனாள். இந்தத் தடவை கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து சின்னவளின் பழைய யூனிஃபார்மை எடுத்து அவர் மேஜையில் விரித்தாள்.

"இது இவளவிட ரெண்டு வயசு சின்னவளோடது டாக்டர். போன வருஷம் தெச்சது. இப்ப பெரியவளுக்குச் சரியா இருக்கு."

அவர் துணியைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொல்லி, அவள் விழுங்கும்போது கழுத்தைக் கவனித்தார். நாடியைப் பிடித்து நேரம் பார்த்தார். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். முதல் தடவையே கழுத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்று அவராகவே சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் ஹார்மோன் கோளாறுகளைப் பார்க்கிற டாக்டர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். முதலில் உயரத்தை அளந்தார், நூற்று இருபத்தேழு சென்டிமீட்டர். கட்டிலின் ஓரத்தில் முட்டி போட வைத்து, சின்னச் சுத்தியால் குதிகாலுக்கு மேலே தட்டினார். பாதம் சட்டென்று கீழே போனது. திரும்பி வரும்போதுதான் தயங்கித் தயங்கி வந்தது. அதை அம்மாவும் பார்த்தாள். தோலைத் தடவிப் பார்த்தார். மலச்சிக்கல் உண்டா, குளிர் தாங்குகிறாளா, எத்தனை மணிக்குத் தூங்குகிறாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மாவிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"கோவம் வந்தா என்ன பண்ணுவா?"

அம்மா யோசித்தாள். "இவளுக்குக் கோவம் வராது டாக்டர்."

"எப்பவுமேவா?"

ஐந்து வயதில் தட்டைத் தூக்கி எறிந்தது அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. ஏழு வயதில் தங்கையின் முடியைப் பிடித்து இழுத்ததும் வந்தது. அதற்கப்புறம் எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். இடது கையை மேஜையில் விரிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அப்பா, அம்மா, பெரியவள் மூவரும் போனார்கள். டாக்டர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. உடம்பில் ஒவ்வொரு வேலையும் எந்த வேகத்தில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்வது கழுத்தில் இருக்கிற தைராய்டு சுரப்பி என்றார். இவளுடைய உடம்பே அந்தச் சுரப்பியை வெளியாள் என்று தப்பாக நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துக்கொண்டு வந்திருக்கிறது. மூன்று நான்கு வருஷமாக நடந்திருக்கும். மூளை 'சுரந்து கொடு, சுரந்து கொடு' என்று கத்துவதைக் காட்டுகிற ஹார்மோன் ரத்தத்தில் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, சுரப்பியால் கொடுக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் கை எலும்புக்கு எட்டரை வயது என்று தெரிகிறது.

மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா என்று அப்பா கேட்டார். பிறந்த குழந்தைகளுக்கு இது இருந்து கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும், அதனால்தான் பிறந்ததும் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள் என்றார் டாக்டர். இந்த வயதில் வந்தால் அப்படி ஆகாது. வளர்ச்சிதான் நின்றுபோகும். அதுவும் எலும்பின் முனைகள் மூடாமல் இருக்கும் வரை திரும்ப ஓட ஆரம்பிக்கும். எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்று மட்டும் இப்போது சொல்ல முடியாது.

மாத்திரை சின்னது. காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பால், சாப்பாடு எதுவும் கூடாது. சத்து டானிக் இருந்தால் அதை நாலு மணி நேரம் தள்ளிக் கொடுக்க வேண்டும். குறைந்த அளவில் ஆரம்பித்துக் கூட்டிக்கொண்டு போவார்கள். ஆயுள் முழுக்கப் போட வேண்டியிருக்கும். தங்கைக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடுங்கள், குடும்பத்தில் வரக்கூடியது என்றார். அப்பா எல்லாவற்றையும் வேலை ஆர்டர் எழுதுகிற சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார். டாக்டர் கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

"இவ மாறுவா. இதுவரைக்கும் நல்ல பொண்ணு, நல்ல பொண்ணுன்னு சொன்னீங்க இல்ல, அது கொஞ்ச நாளைக்கு இருக்காது. மார்க்கும் குறையலாம். பயந்துடாதீங்க."

அப்பா சிரித்தார். இவளாவது மாறுவதாவது என்று நினைத்திருக்க வேண்டும்.

காலையில் அம்மா சீக்கிரமே கடைக்குப் போய்விடுவாள் என்பதால் மாத்திரை கொடுப்பது அப்பாவின் பொறுப்பானது. போனில் ஆறு மணிக்கு அலாரம் வைத்தார். ஒரு நாள்கூடத் தவறவில்லை. இயந்திரங்களோடு பழகியவர், நேரம் என்றால் நேரம்தான். சின்னவளின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தது.

மூன்றாவது வாரம் பெரியவள் ஸ்வெட்டரைக் கழற்றினாள். கழிவறைக் கேலிக்கு இடமில்லாமல் போனது. உப்பின முகம் வடிந்து, அம்மா மறந்தே போயிருந்த ஒரு தாடை வெளியே வந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோது பயந்து போன் செய்தார்கள், பழைய முடி போய்ப் புதுசு வரும் என்றார்கள், வந்தது. நான்கு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். அம்மா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

மற்றதும் நடந்தது. பெரியவளால் உட்கார முடியவில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நடப்பாள், பேனாவைத் தட்டுவாள், ஜன்னலைத் திறந்து மூடுவாள். தூக்கம் குறைந்தது. ஃபேன் சண்டையில் இப்போது இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. சின்னவள் முதலில் அதிர்ந்து போனாள், பிறகு அதை ரசித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சண்டை போட வீட்டிலேயே ஒரு துணை கிடைத்துவிட்டது. வகுப்பில் பேசுகிறாள் என்று ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். பேசுகிறாள் என்பதோடு பதிலும் பேசுகிறாள் என்றார். அரையாண்டில் பத்தொன்பதாவது ரேங்க். அவசர அவசரமாக எழுதி, பாதிக் கேள்விகளைப் பார்க்காமலே தாளைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

இதெல்லாம் அப்பாவுக்கு வருத்தம்தான், ஆனால் தாங்கிக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்ததுதான் அவரைத் தைத்துவிட்டது. ஒரு லிஃப்டில் திருமணமாகப் போகிற ஜோடி மாட்டிக்கொண்டு, வெளியே வருவதற்குள் சண்டை போட்டுப் பிரிந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிடித்த கதை. பெரியவள் நடுவில் எழுந்துவிட்டாள்.

"இத முன்னாடியே சொல்லிட்டீங்கப்பா. நாலு தடவ."

அலட்சியமாகச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னாள், அவ்வளவுதான். அப்பா மீதிக் கதையைத் தொலைக்காட்சியைப் பார்த்தபடி முடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவர் புது பிளேடு ஒன்றைப் பிரித்து, சமையல் மேடையில் மாத்திரையை வைத்து, நடுவில் வெட்டினார். கைத்திறமை உள்ளவர், இரண்டு பாதியும் ஒரே அளவாக விழுந்தன. பெரியவள் தண்ணீர் டம்ளரோடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மீதி?"

"நாளைக்கு. டோஸ் கொஞ்சம் ஜாஸ்தியோன்னு தோணுது. நீதான் நல்லாயிட்டியே."

அவள் மேற்கொண்டு கேட்காமல் பாதியை விழுங்கினாள். அம்மாவிடம் அவர் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

அப்பா கெட்டவர் இல்லை. தான் மகளுக்குத் தீங்கு செய்கிறோம் என்று அவர் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. கொஞ்சம் வேகமாக ஓடுகிற மோட்டாரை யாராக இருந்தாலும் சற்றுக் குறைத்து வைப்பார்கள், அந்த அளவில்தான் அவர் யோசனை இருந்தது. அதற்குப் பலனும் கிடைத்தது. ஐந்து, ஆறு வாரத்தில் வீட்டில் சத்தம் குறைந்தது. பெரியவள் சாயங்காலம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புதுக் கதை ஒன்றை முழுதும் கேட்டாள். பத்தாவது வாரத்தில் ஸ்வெட்டர் திரும்ப வந்தது. அவளை ஸ்வெட்டரோடு பார்த்துப் பழகியிருந்ததால் யாரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவழியாக அடங்கி வருகிறாள் என்று அம்மாகூட நிம்மதிப்பட்டாள்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. டாக்டர் ரத்த முடிவையும் உயரத்தையும் பார்த்துவிட்டு, பழைய தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மூளை கத்துவதைக் காட்டுகிற அந்த ஹார்மோன் மறுபடி ஏறியிருந்தது. உயரம் கோடு போட்ட மாதிரி நின்றிருந்தது.

தினமும் போடுகிறாளா என்று கேட்டார். தினமும் தானே கொடுப்பதாக அப்பா சொன்னார். அது பொய்யில்லை. வெறும் வயிற்றிலா? ஆமாம். பால் கலந்து? இல்லை. டானிக் ஏதாவது? இல்லை. மாத்திரையை ஜன்னலோரம் வெயிலில் வைக்கிறீர்களா? இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அப்பாவின் குரல் ஒரு படி இறங்கிக்கொண்டே போனது. அம்மாவும் புரியாமல் விழித்தாள். அப்படியானால் இந்த அளவு இவளுக்குப் போதவில்லை, கூட்ட வேண்டியதுதான் என்று சொல்லி டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். அப்பா வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்று தெரியவில்லை, பெரியவள் முந்திக்கொண்டாள்.

"வேண்டாம் டாக்டர். பாதிதான் போட்டுக்கறேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "யார் பாதியாக்கச் சொன்னது?"

அவள் மேஜை விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"முழுசு போட்டா நான் கத்தறேன். பாதி போட்டா அப்பாவுக்குப் புடிக்குது."

வெளியே அடுத்த பிள்ளையின் எண்ணைக் கூப்பிட்டார்கள். டாக்டர் கதவைத் திறந்து, இன்னும் பத்து நிமிஷம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அப்பாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும், திட்டு வாங்குவது அவருக்குப் பழக்கப்பட்ட விஷயம்.

"சார், உங்களுக்கு அந்தப் பழைய பொண்ணு புடிச்சிருந்துது. தப்பில்ல. ஆனா அது அவ குணம் இல்ல. வியாதி. குணம் என்னன்னு இப்பதான் தெரிய ஆரம்பிச்சுது, அதுக்குள்ள மூடிட்டீங்க."

பிறகு பெரியவளிடம் திரும்பினார். வேகம் ஏறும்போது எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுவார்கள், உட்கார முடியாது, படிப்பில் கவனம் நிற்காது, ஒரு வருஷத்துக்குள் அது தானாகச் சமனாகிவிடும் என்று சொன்னார். கத்துவதற்கு மாத்திரை காரணமில்லை, மூன்று வருஷமாகக் கத்தாமல் விட்டதெல்லாம் சேர்ந்திருக்கும் என்றார். அந்த வார்த்தைக்குப் பெரியவள் லேசாகச் சிரித்தாள். தோழிகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், உன் இஷ்டம் என்றார் டாக்டர். போன மூன்று மாத வளர்ச்சி திரும்பி வருமா என்று அம்மா கேட்டதற்கு, கொஞ்சம் வரும், அத்தனையும் வரும் என்று உறுதி கொடுக்க மாட்டேன் என்றார்.

இனிமேல் மாத்திரையைத் தானே போட்டுக்கொள்வதாகப் பெரியவள் சொன்னாள். டாக்டர் சம்மதித்தார். ஆனால் பன்னிரண்டு வயதில் எல்லாரும் மறப்பார்கள், பெரியவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார். யார் என்று பெரியவளையே கேட்டார். அம்மா என்று சொல்வாள் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள். அவள் அப்பாவைக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மாடிக்குப் போன பிறகு அம்மா கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நீ விட்டிருக்க மாட்ட."

"ஆமா. விட்டிருக்க மாட்டேன்."

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குச் சொல்ல நிறைய இருந்தது, வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் அவளுக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. மூன்று வருஷம் ஒரு பெண்ணுக்குப் புதுத் துணி தைக்க வேண்டிய வேலை இல்லாமல் போனதில் அவளும் சந்தோஷப்பட்டிருக்கிறாள். ஊரார் பிள்ளைகள் எத்தனை இஞ்ச் வளர்ந்தார்கள் என்று கேட்டால் மனப்பாடமாகச் சொல்லுவாள். அடுக்கி வைத்திருந்ததில் பாதியை விட்டுவிட்டாள். மீதியைச் சொன்னாள். அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் ஆறு மணிக்கு அப்பா சமையலறை மேஜையில் வந்து உட்கார்ந்தார். பெரியவள் அட்டையிலிருந்து ஒரு முழு மாத்திரையைப் பிரித்து, போட்டுக்கொண்டு, தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் திறந்து காட்டினாள். அதெல்லாம் வேண்டாம் என்றார் அவர். டாக்டர் பார்க்கச் சொல்லியிருக்கிறார் என்றாள் அவள். சில நாட்கள் இப்படியே போயின. அவருக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அவர் வீட்டில் யாரும் அவரிடம் கேட்டதும் இல்லை. பத்தாவது நாளோ என்னவோ, அவர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த லிஃப்ட் ஜோடி கதைய நெஜமாவே நாலு தடவ சொல்லிட்டேனா?"

"அம்மாகிட்ட சொன்னதையும் சேத்தா ஆறு."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை. ஒரு மணி நேரம் சாப்பிடக் கூடாது என்பதால் அந்த நேரத்தில் செய்ய வேறு வேலை இல்லை. லிஃப்ட் நடுவில் நின்றால் உள்ளே காற்று எப்படி வருகிறது என்று கேட்டாள். அவர் சொன்னதில் அவளுக்கு ஓரிடத்தில் சந்தேகம் வந்தது. கேட்டாள், வாதம் செய்தாள், படம் போட்டுக் காட்டச் சொன்னாள். பழைய பெண் தலையாட்டிக் கேட்டிருப்பாள். எதையும் புரிந்துகொண்டாளா என்று அவர் அப்போதெல்லாம் யோசித்ததே இல்லை.

அடுத்த ஒரு வருஷத்தில் அவள் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தாள். முழங்காலில் வலிக்கிறது என்று புலம்பினாள். அம்மா ஒரே வருஷத்தில் மூன்று தடவை மடிப்பைப் பிரித்து இறக்கித் தைத்தாள், நாலாவது தடவை இறக்குவதற்குத் துணி இல்லை. ரேங்க் பத்தொன்பதிலிருந்து பதினொன்றுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. இரண்டாவது ரேங்க் திரும்பவில்லை. கணக்கில் முன்பு மாதிரி மார்க் வரவில்லை, ஆனால் கூடைப்பந்து விளையாடப் போனாள், உயரம் போதாது என்று சொன்ன பயிற்சியாளரிடம் சண்டை போட்டு இடம் வாங்கினாள். சிலை என்ற பேர் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. சின்னவளைவிட இன்னும் அரைச் சாண் குறைவுதான். அது அப்படியே இருந்துவிடலாம் என்றும், இழந்ததில் பெரும்பகுதியை எட்டிவிட்டோம் என்றும் டாக்டர் சொன்னார்.

பதினான்கு வயது முடிந்த பிறகு ஒரு பரிசோதனைக்கு அப்பாதான் கூட்டிக்கொண்டு போனார். கடையில் சீசன், அம்மாவால் வர முடியவில்லை. எண்ணைக் கூப்பிட்டதும் அப்பா வழக்கம்போல் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்தார். பெரியவள் அவர் கையிலிருந்து ஃபைலை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, நீங்க வெளிய இருங்க. நான் டாக்டர்கிட்ட தனியா பேசணும்."

அவர் உட்கார்ந்தார். கதவு மூடியது. நடைபாதையில் வரிசையாக நாற்காலிகள், எதிர்ச்சுவரில் உயரத்தை அளக்கிற பலகை. பக்கத்தில் ஒரு பெண் மடியில் கைக்குழந்தையோடு இருந்தாள். பிறந்தபோது எடுத்த ரத்தத்திலேயே தெரிந்துவிட்டதாம், பன்னிரண்டாவது நாளிலிருந்து மாத்திரை கொடுக்கிறாளாம். இரண்டு ஸ்பூன் தண்ணீரில் நசுக்கிக் கொடுப்பதைச் சொன்னாள். சில நாள் துப்பிவிடுகிறது, மறுபடி கொடுக்கலாமா கூடாதா என்று அவரிடம் கேட்டாள். தெரியவில்லை, உள்ளே போனதும் முதலில் அதைக் கேளுங்கள், நீங்களாக எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள் என்றார் அவர். கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டார் போலிருக்கிறது, அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள்.

இருபது நிமிஷம் கழித்துப் பெரியவள் வந்தாள். அளவு சரியாக இருக்கிறது, இதே மாத்திரை, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றாள். வேறென்ன பேசினீர்கள் என்று அவர் பஸ்ஸில் கேட்டார். "அது எங்களுக்குள்ள" என்றாள். அவர் திரும்பக் கேட்கவில்லை. பக்கத்தில் இரண்டு சீட் காலியாக இருந்தும், அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள், பஸ் வளைந்தபோதெல்லாம் கால் மாற்றிக்கொண்டு. வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால், விளையாட்டு மைதானம் வந்ததும், நான் இங்கேயே இறங்கிக்கொள்கிறேன், ஏழு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, ஃபைலை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கினாள். பஸ் நகர்வதற்குள் ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டாள்.

அவர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தார்.